கடைசி எழுத்து

முனிரத்தினம் கொண்டுவந்த மூன்று பெட்டியிலும்
ஒரே பெயர்தான் அச்சாகியிருந்தது.
"எல்லாம் ஒரே சிப்புதான் மேடம்,
கடைசி எழுத்து மட்டும் வேற.
கிடைச்சதை வாங்கிட்டேன்" என்றார்.
விலையும் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

பாகலூர் ரோட்டில் ஏழு பசுமைக்குடில்கள்,
உள்ளே ரோஜா.
எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை
நாலு நொடி
புகைபோல நீர் தெளிக்க வேண்டும்.
நாலு நொடி என்றால் எவ்வளவு என்று
சிப்பிடம் கேட்டுச் சொல்வதற்கு
ஓசூரில் எனக்குச் சம்பளம்.

முதல் வகை பூஜ்யத்தில் தொடங்கி மேலே ஏறும்.
முப்பத்திரண்டு பிட். சாது.

இரண்டாவது உச்சியிலிருந்து இறங்கும்.
பதினாறே பிட்;
அறுபத்தையாயிரத்துச் சொச்சத்தில் மூச்சு முட்டி
மறுபடி உச்சிக்குப் போய்விடும்.
எத்தனை முறை போனது என்று
நாம்தான் குறித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது நேரத்தை இரண்டு பாதியாகத் தரும்.
மேல்பாதியைப் படித்துவிட்டுக் கீழே வருவதற்குள்
கீழ்ப்பாதி நிரம்பி வழிந்திருக்கும்.
அதனால் மேலே படி, கீழே படி, திரும்ப மேலே படி.
இரண்டு மேலும் ஒத்துப்போனால் நம்பு.
இல்லையா, முதலிலிருந்து.

இம்தியாஸ் அவசரத்தில் எழுதிய டிரைவரில்
இந்தச் சிப்பு ஆனால் இப்படி
அந்தச் சிப்பு ஆனால் அப்படி.
எண்ணிப் பார்த்தேன்: பதினேழு இடத்தில்
ஆனால், ஆனால், ஆனால்.
இப்படிப் பேசுகிற ஆளோடு
ஒரு டீ குடிக்க முடியுமா?

ஆறாம் குடிலில் தண்ணீர் நிற்கவேயில்லை.
ஏழாம் குடிலில் வரவேயில்லை.
திம்மராயப்பா போன் செய்தார்:
தெலுங்கில் நலம் விசாரித்து
கன்னடத்தில் திட்டி
தமிழில் பில்லை நிறுத்திவைத்தார்.

உன் ஆனால்களில் ஒன்றுதான், என்றேன் இம்தியாஸிடம்,
ஆபீஸில் நாலு பேர் கேட்க.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
பதினேழையும் பிடுங்கினேன்.
ஒரு அட்டவணை போட்டேன்:
எத்தனை பிட், ஏற்றமா இறக்கமா,
ஒரே மூச்சா இரண்டு பாதியா.
சிப்பு தன் பெயர் சொன்னால் போதும்,
கடைசி எழுத்தோடு;
தன் வரிசையில் உட்கார்ந்துகொள்ளும்.
மற்றதெல்லாம் ஒரே நிரல்.
அழகாக இருந்தது.
ஆறாம் குடிலில் அப்போதும் தண்ணீர் நிற்கவில்லை.

குடிலுக்கே போனேன். லேப்டாப்பில் வயரைச் செருகி
கவிழ்த்த பூவாளிமேல் உட்கார்ந்தேன்.
பார்த்துக்கொண்டிருந்தால் இன்னும் மோசமானது.
நேரம் ஆனதும் டைமர் ஒரு கொடி தூக்கும்.
அந்தக் கொடியைக் காணவில்லை.
தூக்கினதற்கு அடையாளம் உண்டு. கொடி இல்லை.

கையேட்டில் நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்
அடிக்குறிப்பு, எறும்பு எழுத்து:
இரண்டாம் வகையில்
கொடியைப் படித்தாலே அது இறங்கிவிடும்.

மற்ற வகைகளில் நாம் ஒன்று எழுதி இறக்க வேண்டும்.
இதில் பார்ப்பதே போதும்.

நொடிக்கு ஒருதரம் கொடியைப் பார்த்து
எல்லாம் சரியா என்று போனுக்குச் செய்தி அனுப்பும்
ஒரு வரி இருந்தது டிரைவரில்.
அதில் ஆனால் இல்லை.
அதை இம்தியாஸ் எழுதவில்லை.
நான்தான். போன வருஷம், மெனக்கெட்டு.

அட்டவணையில் இன்னொரு பத்தி சேர்த்தேன்:
படித்தால் அழியுமா.
இல்லை. ஆம். இல்லை.
என் வரியை நீக்கினேன்.
நீக்கிய காரணம் எழுதும் இடத்தில்
'என் தவறு' என்று எழுதி
அவன் பெயரையும் போட்டேன், பார்க்கட்டும் என்று.
நாலு பேர் கேட்கச் சொன்னதற்கு அது ஈடா,
தெரியவில்லை.

ஆறாம் குடில் நாலு நொடி புகைந்து ஓய்ந்தது.
ஏழாம் குடிலும்.
அடுத்த கொட்டகையில் கெம்பம்மா
பூக்களைக் கட்டாகச் சேர்த்துக்கொண்டிருந்தார்.
முனகலாகக் கன்னடத்தில் எண்ணிக்கை:
ஹன்னெரடு, ஹதிமூரு...
இன்று எத்தனை கட்டு என்று கேட்க வாயெடுத்தேன்.
கேட்டால் விட்டுவிடுவார்.

இருபதாவது காம்பில் ரப்பரை மாட்டும்வரை
நின்றிருந்தேன்,
அவரைப் பார்க்காமல்கூட.